கூடமா, ஒலிப்பதிவுக் கூடமா?

ஒரு குடும்பத்தில் சண்டை வருவதற்குக் காரணமா கிடைக்காது? வைர மூக்குத்தியால் சண்டை வந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். வாழைக்காய்ப் பொரியலில் உப்புக் கூடிப்போய்ச் சண்டை வந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மைக்கினால் சண்டை வந்த வீட்டை நான் கணியம்பாடியில்தான் பார்த்தேன்.

வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில் அதற்கு ஒரு ஸ்டேஷன் கூட உண்டு. தோலுக்கும் தோல் செருப்புக்கும் பெயர்போன வட்டாரம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தோல் தொழிற்சாலைகள்தான். விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. உலகத்தின் பல பெரிய நகரங்களில் நடைபோடும் காலணிகளின் மேல்தோலைத் தைத்துக் கொடுப்பவை இந்தப் பெண்களின் கைகள்தாம்.

அப்படிப்பட்ட பெண்களில் ஒருத்திதான் நம் கதாநாயகி. வாரத்தில் ஆறு நாள் ஷூ தைக்கிறாள்; ஏழாம் நாள் பாடுகிறாள். கோயில் பஜனையில் அவள் குரல் எழுந்தால், பிரசாதத்துக்காக வந்தவர்கள் கூட பிரசாதத்தை மறந்து நின்று விடுவார்களாம். அவளுடைய பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதற்கென்று ஒரு சீட்டும் போட்டு எடுத்தார்கள். கையில் ரூ. 40,000 வந்தது. பணம் வந்ததோ இல்லையோ, ஏகமனது எங்கோ போய்விட்டது!

"பெரிய ஸ்டூடியோவிலே பதிவு பண்ணினாத்தான் நாலு பேர் மதிப்பாங்க" என்றார் அப்பா.

"ஒரு நாள் கூத்துக்கு அவ்வளவு பணமாப்பா? மைக் வாங்கிட்டா அக்கா வருஷம் முழுக்கப் பாடலாம்" என்றான் கல்லூரியில் படிக்கும் தம்பி.

"ரெண்டும் வேணாம். அவளுக்கு ஒரு சங்கிலி பண்ணிப் போடலாம்" என்றாள் அம்மா.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

"நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கம்மா" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். நியாயம் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்பது வேறு விஷயம். ஆனால் இதே கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் எழுந்திருக்கிறது. பாட்டுப் பாடும் பெண்ணோ, வீணை வாசிக்கும் மருமகளோ, கீபோர்டு தட்டும் பையனோ இல்லாத தெரு ஏது? ஆகையால் வாசக சகோதரிகளே, அந்த வீட்டில் நான் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓட்டல் அறையில் பிறந்த ஸ்டூடியோ

ஸ்டூடியோ என்றதும் நமக்குக் கண்ணாடித் தடுப்பும், சிவப்பு விளக்கும், மெத்தை போட்ட சுவரும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் தேசத்தில் கிராமபோன் இசைத்தட்டு பிறந்த இடம் அப்படிப்பட்டதல்ல. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காரரான பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தபோது, ஓர் ஓட்டலின் பெரிய அறைகளையே ஒலிப்பதிவு இடமாக மாற்றிக்கொண்டார். அங்கேதான் பிரசித்தி பெற்ற பாடகி கௌஹர் ஜான் பாடினார். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்விலேயே ஓர் ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். மின்சார முறை வந்தது 1925ல்தான். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை உரக்கச் சொல்லி முடிப்பார். எந்தத் தட்டு யாருடையது என்று தொழிற்சாலையில் குழம்பக்கூடாதே!

தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். ராகத்தை இழைத்து இழைத்துப் பாடும் வித்துவான்களுக்கு மூன்று நிமிஷம் எந்த மூலைக்கு? ஆனாலும் பாடினார்கள். மதுரை சண்முகவடிவு அம்மாளின் மகள் 1926ல், பத்து வயதில், இசைத்தட்டுக்குப் பாடினாள். அந்தச் சிறுமிதான் எம். எஸ். சுப்புலட்சுமி.

வீணை தனம்மாளின் கதை வேறு. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பு நடக்கும். பெரிய பெரிய வித்துவான்கள் வந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு மெல்லிய நாதம். 1938ல் அவர் மறைந்தார். 1930களில் அவர் இசைத்தட்டுக்காக வாசித்தவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதற்கு அந்தக் கம்பெனிக்குக் கோடி நமஸ்காரம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகளின் சாவகாசத்தைத் தட்டின் மூன்று நிமிஷத்துக்குள் எப்படி அடைப்பது?

பிறகு டேப் ரிகார்டர் வந்தது. ஸ்பூல் சுற்றும் அந்தக் கனத்த பெட்டியை ரசிகர்கள் கச்சேரிக்கும் கல்யாணப் பந்தலுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். 1968ல் மறைந்த மதுரை மணி ஐயரின் சங்கீதம் இன்றைய தலைமுறைக்கு எட்டியிருப்பது, பெரும்பாலும் இப்படிக் கச்சேரிகளில் பிடித்து வைத்த டேப்புகளின் தயவால்தான். நடுவிலே இருமல் கேட்கும், 'பேஷ்' கேட்கும். அதற்காக யாராவது அந்தப் பதிவைத் தூக்கி எறிந்து விடுகிறார்களா?

அம்மா கொடுத்த நகை

"அதெல்லாம் பழங்கதை. வீட்டிலே பதிவு பண்ணிப் பெரிய ஆளானவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார் அப்பா.

உண்டு. சென்னை கோடம்பாக்கத்திலேயே உண்டு. ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு ஸ்டூடியோ கட்டினார். கட்டினாரே தவிர, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை. ஏர்கண்டிஷனர், ஓர் அலமாரி, தரையில் கம்பளம் இவ்வளவுதான் இருந்ததாம். அப்போது அவருடைய தாயார் அடகு வைக்கத் தம் நகைகளைக் கொடுத்தார். அதில்தான் முதல் ரிகார்டர் வந்தது என்று ரஹ்மானே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1992ல் 'ரோஜா' படத்தின் பாடல்கள் வெளிவந்தன. அதற்குப் பின் நடந்தது ஊரறிந்த கதை. 2009ல் ஆஸ்கார் மேடை வரைக்கும் போன கதை.

நகைச் செய்தியைக் கேட்டதும் சங்கிலிக் கட்சியின் தலைவியான அம்மா சற்று யோசனையில் ஆழ்ந்தாள்!

மேல்நாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிதார் வித்தகர், தம் மனைவி மேரி ஃபோர்டுடன் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்தார். ஒரே குரலை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, ஒரு பெண்ணையே ஒரு கோஷ்டியாக்கிக் காட்டினார். 1951ல் அவர்கள் வெளியிட்ட பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது. அண்மையில் பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண் தன் அண்ணனின் படுக்கையறையில் பதிவு செய்து 2019ல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்புக்கு, மறு ஆண்டில் கிராமி விருதுகள் வரிசையாக வந்து குவிந்தன.

"பார்த்தீங்களா!" என்று தம்பி துள்ளிக் குதித்தான்.

"பொறு, தம்பி" என்றேன். "ரஹ்மான் சிறு வயது முதலே மற்றவர்களுடைய ஸ்டூடியோக்களில் கீபோர்டு வாசித்து அனுபவப்பட்டவர். கருவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே காது பழகியிருந்தது. அதுவும் தவிர, இளையராஜாவைப் போல ஒரு வயலின் கோஷ்டியையே உட்கார வைத்து வாசிக்கச் செய்ய வேண்டுமானால், உன் அக்காவின் சமையலறை போதாது!"

மின்விசிறியும் மெத்தையும்

சரி, வீட்டிலே பதிவு செய்வதில் என்னதான் சங்கடம்? ஒரு சோதனை செய்து பார்த்தோம். தம்பியின் செல்போனைக் கூடத்தின் நடுவில் வைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் பதிவு செய்தோம். பிறகு போட்டுக் கேட்டால், 'மௌனம்' என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷத்தில் மின்விசிறி இருந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் இருந்தது. திருவண்ணாமலை பஸ்ஸின் ஹாரன் இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் விட்டிருந்தது. நம் காது தனக்கு வேண்டாததைத் தள்ளிவிடும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இன்னொரு சங்கடம் சுவர். காரை பூசிய வெறும் சுவரும் மொசைக் தரையும் சத்தத்தைப் பந்துபோல் திருப்பி அடிக்கும். அதனால் குரல் குளியலறையில் பாடியதுபோல் ஒலிக்கும். இதற்கு விலை உயர்ந்த மருந்து தேவையில்லை. பாடுகிறவளின் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தையோ, கனத்த ஜமக்காளமோ, மடித்த கம்பளிகளோ தொங்கினால் போதும். எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். துணிகள் நிறைந்த அறை நல்ல அறை. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மெத்தை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் விழுங்கும். தெருவில் போகும் லாரியை நிறுத்தாது. லாரியை நிறுத்தக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். ஸ்டூடியோவில் நாம் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி அந்த நிசப்தத்துக்குத்தான்.

மைக்கிலும் இரண்டு ஜாதி உண்டு. கண்டென்சர் மைக் என்பது மகா கூர்மையான காது. 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். குரலின் நுட்பத்தையும் பிடிக்கும், குக்கரின் நுட்பத்தையும் பிடிக்கும். டைனமிக் மைக் என்பது மேடைகளில் நாம் பார்ப்பது. வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை நன்றாகவும், தூரத்தில் இருப்பதை மங்கலாகவும் வாங்கிக்கொள்ளும். சந்தடியான வீட்டுக்கு இரண்டாவதே உத்தமம். இதை அறியாமல் விலை அதிகமானதே உயர்ந்தது என்று வாங்கிவிட்டுப் பிறகு ஃபிரிட்ஜோடு போராடுகிறவர்கள் அநேகம்.

மிருதங்கம் போன்ற வாத்தியங்களுக்குச் சிறிய அறை இன்னும் பெரிய சோதனை. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் சொல்லத் தகுந்த ஒரு விஷயம், மிருதங்கத்துக்குப் பதனிட்ட தோல் ஆகாது. பச்சைத் தோலைக் காயவைத்துத்தான் மூட்ட வேண்டும். அந்தத் தோலின் தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் கம்பீர நாதம் சின்ன அறையின் மூலைகளில் தேங்கி, குடத்துக்குள் இடித்ததுபோல் ஆகிவிடும். ஜமக்காளத்தால் அதை அடக்க முடியாது. பக்கவாத்தியத்தோடு பதிவு செய்வதானால் ஸ்டூடியோவுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

கணக்குப் பார்ப்போமா?

வீட்டு நிர்வாகம் அறிந்த பெண்களிடம் கணக்கு இல்லாமல் பேசக்கூடாது. அந்தக் குடும்பத்தார் விசாரித்து வைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வாடகை மணிக்கு ரூ. 1,000. ஒரு பாட்டைப் பாடி முடிக்க இரண்டு மணி. பிறகு அதைச் சீர்செய்து சுருதிப் பெட்டி, தாளத்தோடு கலக்க இரண்டு மணி. ஆக, பாட்டுக்கு ரூ. 4,000.

வீட்டுக் கணக்கு இது: மைக், கம்ப்யூட்டருடன் அதை இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி, ஹெட்போன், ஸ்டாண்டு, வயர் எல்லாமாகத் தம்பி போட்டிருந்த ஜாபிதாவில் ரூ. 25,000. கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. பதிவு செய்யும் மென்பொருளுக்குச் செலவில்லை. ஆடாசிட்டி போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால், ஏழாவது பாட்டிலேயே கருவியின் முதல் திரும்பிவிடும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாடிப் பதிவு செய்வதை வீட்டில் கற்றுக்கொள்ளலாம். பதிந்ததைப் பதமாகக் கலக்குவது தனி வித்தை. அதற்கு மட்டும் ஸ்டூடியோவை நாடினால், பாட்டுக்கு மிச்சமாவது ரூ. 2,000தான். அப்போது பதின்மூன்றாவது பாட்டில்தான் முதல் திரும்பும். இரண்டு மூன்று பாட்டோடு ஆசை தீர்ந்துவிடும் என்றால், கருவி வாங்குவது ஒரு நாள் விருந்துக்காக மாவு அரைக்கும் மெஷின் வாங்குவது போலத்தான்.

ஸ்டூடியோவிலும் ரசீதில் வராத செலவுகள் உண்டு. பஸ் கட்டணம், துணைக்கு வருகிறவர், அந்த நாளில் இழக்கும் கூலி எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடுவது. ஒவ்வொரு தவறுக்கும் பணம் கரைகிறதே என்ற பயம் தொண்டையைப் பிடிக்கும். அதே சமயம் அங்கே வேறு எங்கும் கிடைக்காத ஒன்றும் கிடைக்கிறது: நமக்கு உறவில்லாத ஒருவருடைய காது! வீட்டில் அம்மாவுக்கு மகள் பாடுவது எல்லாமே அமிர்தம். "அந்த இடத்தில் சுருதி இறங்குகிறது, மறுபடியும் பாடுங்கள்" என்று தாட்சண்யமில்லாமல் சொல்ல வெளி மனிதர் ஒருவர் வேண்டும்.

ஆகவே நான் சொன்ன நியாயம் இதுதான்: வீட்டில் ஒத்திகை, ஸ்டூடியோவில் அரங்கேற்றம். வீட்டில் பாடிப் பதிந்து, போட்டுக் கேட்டு, தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு, இரண்டே பாட்டுக்கு ஸ்டூடியோவுக்குப் போகட்டும்.

"அப்போ சங்கிலி?" என்றாள் அம்மா.

"அடுத்த சீட்டு" என்றார் அப்பா. முதன்முறையாக வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆயாவின் தாலாட்டு

புறப்படும் சமயத்தில்தான் அந்தப் பெண் மெதுவாக ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்கு வந்த குரல் ஆயாவிடமிருந்து வந்ததாம். நாற்று நடும் பாட்டு, நலங்குப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று ஆயாவுக்குத் தெரியாத பாட்டில்லை. ஒன்றும் எழுத்தில் இல்லை. போன வருஷம் தெரிந்தவர் ஒருவரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஆயாவை அழைத்துப் போனார்களாம். காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையசைத்ததும், ஆயாவுக்கு ஒரு வரி கூட வரவில்லை. "யாருக்குடி பாடறது? இங்கே குழந்தை எங்கே?" என்று கேட்டாளாம்.

அந்தக் கேள்விக்கு எந்தப் பொறியாளரிடம் பதில் இருக்கிறது? தாலாட்டுக்குக் குழந்தை வேண்டும்; நடவுப் பாட்டுக்குச் சேறும் கூட நிற்கும் பெண்களும் வேண்டும். நாட்டுப் பாடலுக்காக உழைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 2018ல் பத்மஸ்ரீ விருது பெற்ற விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், பாடுகிற மக்களைத் தேடிக் கிராமங்களுக்குப் போய்ப் பாட்டுகளைத் திரட்டினார். கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் வயல்வெளியில் கற்ற பாட்டோடு வானொலிக்கு வந்து, 1985ல் 'ஆண் பாவம்' படத்திலும் பாடினார். 2025ல் அவர் மறைந்தார். கருப்பாயி அம்மாளின் குரல் நம்மிடம் இருக்கிறது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருந்த மற்றக் கருப்பாயிகளின் குரல்?

"நாளைக்கு என்று தள்ளிப் போடாதே, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அந்த வழியே போக நேர்ந்தது. டைனமிக் மைக் வந்திருந்தது. கூடத்து மூலையில் இரண்டு மெத்தைகள் சுவரில் சாய்ந்து நின்றன. வீட்டில் பழகிவிட்டுப் போனதால் ஸ்டூடியோவில் இரண்டு மணி நேர வேலை ஒரே மணியில் முடிந்ததாம். இரண்டு பாட்டுக்கு ரூ. 8,000 என்று போட்ட கணக்கு ரூ. 6,000ல் நின்றது. பஸ் செலவு போக, எட்டாயிரம் ரூபாய் சங்கிலிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது!

"இதைக் கேளுங்க" என்று அந்தப் பெண் ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.

பிரசவத்துக்கு வந்திருந்த அவளுடைய அக்காவின் குழந்தையைத் தூளியில் போட்டு, ஆயா ஆட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய மைக்கெல்லாம் வைக்காமல் சத்தம் காட்டாது செல்போனை ஜன்னல் கட்டையில் வைத்துப் பதிந்திருக்கிறாள். நடுங்கும் கிழக்குரல், ஆனால் சுருதி அசையவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தூளிக் கயிறு 'கிறீச், கிறீச்' என்று தாளம் போட்டது. நடுவில் குழந்தை ஒரு முறை சிணுங்கியது. ஆயா பாட்டை விடாமலே அதன் பெயரை அந்த வரிக்குள் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் பாட்டு நிற்கவில்லை. தேய்ந்து, முணுமுணுப்பாகி, குழந்தையோடு சேர்ந்து தூங்கிப் போயிற்று.

"அந்தக் கயிறுச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துடலாம்னு தம்பி சொல்றான்" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அதை எவனாவது தொட்டால் பார்! நீ படுத்த தூளிக் கயிறுடி அது!"

திண்ணையில் ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளைக் கேட்டேன், எதில் பாடுவது சௌகரியம், வீடா, ஸ்டூடியோவா என்று.

"குழந்தை தூங்கிச்சில்ல?" என்றாள் ஆயா. "அப்புறம் என்ன?"